படுத்துக் கிடக்கும் கோடு

நான் வரைந்த சார்ட்டுகளிலேயே அழகானது எது என்று கேட்டால் யோசிக்காமல் ஒன்றைச் சொல்வேன். கருநீலப் பின்னணி. இடது கீழ் மூலையில் தொடங்கி வலது மேல் மூலை வரை ஏறிப் போகும் ஒற்றை ஆரஞ்சுக் கோடு. பின்னால் கட்டங்கள் கிடையாது. ஓரத்தில் எண்வரிசை கிடையாது. கோட்டின் தொடக்கத்தில் ஓர் எண், முடிவில் ஓர் எண், அவ்வளவுதான். அந்த வளைவைச் சரிசெய்வதற்கே ஒரு முழு ராத்திரி உட்கார்ந்திருந்தேன்.

குழந்தைகளின் ஊட்டச்சத்துக்காக வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆண்டறிக்கைக்காக வரைந்தது அது. சில ஊர்களின் அங்கன்வாடிக் குழந்தைகளுடைய ஓர் ஆண்டு எடைக் கணக்கு எக்செல் கோப்பாக என்னிடம் வந்திருந்தது. ஒரு குழந்தைக்கு ஒரு வரிசை, ஒரு மாதத்துக்கு ஒரு கட்டம். சில கட்டங்கள் காலி. அந்த மாதம் குழந்தை பாட்டி வீட்டுக்குப் போயிருக்கும், இல்லையென்றால் தராசு ரிப்பேராகியிருக்கும். எல்லாவற்றையும் கூட்டி வகுத்துச் சராசரி எடுத்தேன். ஆரஞ்சுக் கோடு பிறந்தது. அலுவலகத்தில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. “பார்த்தவுடனே புரியுது” என்றார்கள். என் தொழிலில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

அறிக்கை அச்சுக்குப் போவதற்கு முன்னால் அங்கன்வாடி டீச்சர்களுடன் ஒரு கூட்டம் வைத்தார்கள். என் கோட்டை ப்ரொஜெக்டரில் போட்டோம். டீச்சர்கள் மரியாதைக்குக் கைதட்டினார்கள். பின்வரிசையில் இருந்த வயதான டீச்சர் ஒருவர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“தம்பி, ஒண்ணு கேக்கட்டுமா? பிள்ளை வளந்தா எடை ஏறத்தானே செய்யும்?”

எனக்குப் புரியவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன்.

“ஒரு வருசம் போனா பிள்ளைக்கு ஒரு வயசு கூடும். வயசு கூடுனா எடை கூடும். இந்தக் கோடு நாம செஞ்ச வேலையால ஏறுச்சா, அது பாட்டுக்கு ஏறுச்சான்னு இதுல எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

அப்புறம் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று பட்டை பட்டையாக அச்சடித்த வளர்ச்சி அட்டை. பேனாவால் வைத்த புள்ளிகள், அவற்றைச் சேர்த்துக் கையால் இழுத்த கோடு. முதலில் ஏறிய கோடு, கடைசி மூன்று மாதங்களாக நேராகப் படுத்துக் கிடந்தது.

“இவன் எடை மூணு மாசமா அசையல. உங்க படத்துல இவன் எங்க இருக்கான்?”

“அந்தக் கோட்டுக்குள்ளதான் இருக்கான் டீச்சர்” என்றேன். கணக்குப்படி அது உண்மை. சொல்லி முடிப்பதற்குள் எனக்கே கூச்சமாகிவிட்டது.

*

நான் பொய் சொன்னேனா? ஓர் எண்ணைக்கூட மாற்றவில்லை. சராசரி சரி, கோடு சரி. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் போகிற யாரும் அந்தப் பையனைப் பற்றிக் கவலைப்படப் போவதில்லை. அவனுக்கும் சேர்த்துத்தான் எல்லோரும் கைதட்டினார்கள்.

தரவுகளைப் படமாக்கும் தொழிலுக்குள் இது பழைய சண்டையின் இன்னொரு வடிவம். ஒரு பக்கம் எட்வர்ட் டஃப்டி. 1983-இல் வந்த அவருடைய புத்தகம் இந்தத் துறைக்குக் கிட்டத்தட்ட வேதம். காகிதத்தில் விழும் ஒவ்வொரு துளி மையும் தரவைச் சொல்ல வேண்டும், சொல்லாத மை குப்பை என்பது அவர் கட்சி. இன்னொரு பக்கம் நைஜல் ஹோம்ஸ் மாதிரியான பத்திரிகை ஓவியர்கள். செலவுக் கணக்கு ராட்சசன் வாய்க்குள் பல்லாக முளைக்கும், வைரத்தின் விலை ஒரு நடனக்காரியின் காலாக நீளும். டைம் பத்திரிகையில் வந்த அந்த வைரப் படத்தை டஃப்டி பின்னாளில் கிழித்தார். 2010-இல் கனடாவின் சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்தில் ஹோம்ஸின் படங்களை வைத்து ஒரு சின்ன ஆய்வு செய்தார்கள், இருபது பேரை மட்டும் கொண்டு. அலங்காரப் படங்களை மொட்டைப் படங்களைவிட மோசமாக யாரும் புரிந்துகொள்ளவில்லை. சில வாரங்கள் கழித்துக் கேட்டபோது அலங்காரப் படங்கள்தான் நன்றாக நினைவில் இருந்தன.

நான் இரண்டு கட்சியிலும் இருந்திருக்கிறேன். கல்லூரியில் ஹோம்ஸ், வேலைக்கு வந்தபின் டஃப்டி. ஆனால் டீச்சரின் கேள்விக்கு இரண்டு பேரிடமும் பதில் இல்லை. என் ஆரஞ்சுக் கோடு டஃப்டியின் தேர்வில் பாஸாகும், குப்பை மை ஒரு துளி கிடையாது. ஹோம்ஸின் தேர்விலும் பாஸாகும், பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இந்தச் சண்டை முழுக்கப் பார்க்கிறவரைப் பற்றியது. அவருக்குப் புரிந்ததா, பிடித்ததா, நினைவிருக்கிறதா? எண்ணப்பட்டவரைப் பற்றி இதில் ஒரு கேள்விகூட இல்லை.

*

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, ஓரளவு நேர்மையாக வெளியே வந்தவர் என்று நான் நினைப்பது ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேலை. பாடப்புத்தகம் அவர் கையில் விளக்கைக் கொடுத்து நிறுத்திக்கொண்டது. அவர் கணக்குப் புலி. 1858-இல் லண்டன் புள்ளியியல் சங்கம் தன் முதல் பெண் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது அவரைத்தான்.

கிரிமியப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் குண்டடி பட்டுச் செத்ததைவிட நோயில் செத்தது பல மடங்கு அதிகம். 1855 ஜனவரி மாதக் கணக்கு மட்டும் சொல்கிறேன். படையின் சராசரி பலம் 32,393. தடுத்திருக்கக்கூடிய தொற்று நோய்களில் இறந்தவர்கள் 2,761. காயத்தால் இறந்தவர்கள் 83. மற்ற காரணங்களால் 324. இதே வேகத்தில் போனால் ஓர் ஆண்டுக்குள் மொத்தப் படையும் நோயிலேயே அழிந்துவிடும். நைட்டிங்கேல் சொல்ல வேண்டியது இதைத்தான். சொல்ல வேண்டிய ஆட்கள் மகாராணி, மந்திரிகள், ராணுவ அதிகாரிகள். அட்டவணையைப் புரட்டிப் பார்க்கிற ஜாதி இல்லை அது.

அவர் கூட வேலை பார்த்த வில்லியம் ஃபார் பெரிய புள்ளியியலாளர். புள்ளிவிவரம் வறட்சியாக இருக்க இருக்க நல்லது என்பது அவர் நிலைப்பாடு. நைட்டிங்கேலுக்கோ, காது வழியாகப் போகாததைக் கண் வழியாக அனுப்ப வேண்டும். அவர் வரைந்த ‘ரோஜாப்படம்’ அப்படிப் பிறந்தது. ஒரு வட்டம், மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு இதழ்கள். நோய்ச் சாவு நீலம், காயச் சாவு சிவப்பு, மற்றவை கறுப்பு. 1854 ஏப்ரல் முதல் ஓர் ஆண்டு ஒரு பெரிய வட்டத்தில், அடுத்த ஆண்டு பக்கத்தில் ஒரு சின்ன வட்டத்தில். பார்ப்பதற்கு நிஜமாகவே ஒரு பூ. பக்கத்தில் போய்ப் பார்த்தால் நீலமெல்லாம் பிணம்.

இந்தப் படத்தில் எனக்கு முக்கியமாகப் படுகிற இடம் இரண்டு.

முதலாவது ஒரு திருத்தம். ஆரம்பத்தில் அவர் வரைந்த வடிவத்தில் மையத்திலிருந்து போகும் நீளம்தான் சாவின் அளவு. ஆனால் கண் நீளத்தைப் பார்ப்பதில்லை, பரப்பைப் பார்க்கிறது. நீளம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகத் தெரியும். ஜனவரி மாத நோய்ச் சாவு காயச் சாவைப் போல முப்பத்து மூன்று மடங்கு என்றால், படத்தில் அது ஆயிரம் மடங்குக்கு மேல் தெரியும். அவர் வாதத்துக்கு இதைவிடச் சாதகமான பிழை இருக்க முடியுமா? யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். அடுத்த வடிவத்தில் அதை மாற்றினார். பரப்பே எண்ணிக்கைக்குச் சமமாக இருக்கும்படி திருத்தினார். நீல இதழ் சிவப்பு இதழைப் போல ஆறு மடங்குகூட நீளவில்லை. படத்தின் வேகம் குறைந்தது, நியாயம் கூடியது.

இரண்டாவது இடம் கொஞ்சம் சங்கடமானது. பெரிய வட்டம் 1855 மார்ச்சில் முடிகிறது. அந்த மார்ச்சில்தான் லண்டனிலிருந்து அனுப்பிய சுகாதாரக் குழு போய் இறங்கியது. சாக்கடையைச் சுத்தம் செய்தார்கள், காற்றோட்டம் கொண்டுவந்தார்கள். ஏப்ரலிலிருந்து சின்ன வட்டம் தொடங்குகிறது. கண்ணுக்கு விஷயம் தெளிவு: குழு வருவதற்கு முன் பெரிய பூ, வந்தபின் சின்னப் பூ. ஆனால் மாதவாரியாக நோய்ச் சாவுகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். ஜனவரி 2,761. பிப்ரவரி 2,120. மார்ச் 1,205. ஏப்ரல் 477. குழு வேலையை ஆரம்பிப்பதற்கு முன்பே இறக்கம் தொடங்கிவிட்டது. சாதாரணக் கோடாக வரைந்திருந்தால் ஜனவரியிலேயே சிகரம், அப்புறம் ஒரே சரிவு என்று ஒரு பள்ளிப் பையன்கூடச் சொல்லியிருப்பான். இரண்டு பூவாக வெட்டிய இடம், அந்தச் சரிவைக் கண்ணிலிருந்து மறைக்கிறது.

வேண்டுமென்றே செய்தாரா? எனக்குத் தெரிந்து இதைக் குற்றமாகப் பார்ப்பது நியாயமில்லை. ஏப்ரலிலிருந்து மார்ச் வரை என்பது ஓர் இயல்பான பன்னிரண்டு மாதம். சாக்கடைக்கும் சாவுக்கும் தொடர்பு உண்டு என்ற அவர் வாதத்தின் அடிப்படையும் சரிதான். முக்கியமாக, அவர் அட்டவணையை மறைக்கவில்லை. பூவைப் பார்த்து நம்ப மறுக்கிறவர் சரிபார்க்க மாத எண்கள் அச்சில் இருந்தன. நான் மேலே எழுதிய எண்களும் அவர் விட்டுப்போன அட்டவணையிலிருந்து வந்தவைதான். நூற்றறுபது வருஷம் கழித்து அவருடைய அழகை அவருடைய விவரத்தை வைத்தே நாம் கேள்வி கேட்க முடிகிறது.

என் ஆரஞ்சுக் கோட்டை யாராலும் அப்படிக் கேள்வி கேட்க முடியாது. எக்செல் கோப்பு என் லேப்டாப்பில் இருந்தது. டீச்சரால் கேட்க முடிந்ததற்குக் காரணம் அவர் பையில் அந்த அட்டை இருந்ததுதான்.

*

அழகு என்பது எண்ணுக்குப் போடும் சட்டை மட்டும் என்று ஒரு நினைப்பு உண்டு. சட்டையை மாற்றினாலும் ஆள் அதே ஆள் என்று. எனக்கும் இருந்தது. அதை உடைத்தது 2011-இல் சவுத் சைனா மார்னிங் போஸ்ட்டில் சைமன் ஸ்கார் வடிவமைத்த ஒரு படம். ஈராக் போரில் இறந்தவர்களின் கணக்கைத் தலைகீழ்ப் பட்டைகளாகச் சிவப்பில் தொங்கவிட்டிருந்தார். பக்கத்தின் மேலிருந்து ரத்தம் வழிகிற மாதிரி இருக்கும். பிற்பாடு ஆண்டி காட்கிரீவ் என்பவர் அதே படத்தைத் தலைகீழாகத் திருப்பினார், சிவப்பை நீலமாக்கினார், சாவுகள் குறைந்துவருகின்றன என்கிற மாதிரி தலைப்பு வைத்தார். எண் ஒன்றுகூட மாறவில்லை. முதல் படம் ஒப்பாரி. இரண்டாவது ஒரு நிர்வாகக் கூட்டத்தின் முன்னேற்ற அறிக்கை.

எது உண்மை? இரண்டும்தான். நிறமும் திசையும் சும்மா அலங்காரம் என்றால் இரண்டு படங்களும் ஒரே விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அப்படியானால் வரைகிறவர் எப்போதும் ஒரு பக்கம் நின்றுதான் வரைகிறார். நான் எங்கே நின்றேன்? நிதி கொடுக்கிறவர்கள் அறிக்கையைப் புரட்டும் மேஜைக்குப் பக்கத்தில். அங்கிருந்து பார்த்தால் ஏறும் கோடு அழகு. அங்கன்வாடித் தரையில் உட்கார்ந்து பார்த்தால் அழகு வேறு.

*

டீச்சர் கையிலிருந்த அட்டைக்கு ஒரு வரலாறு உண்டு. டேவிட் மார்லி என்ற ஆங்கிலேய மருத்துவர் நைஜீரியக் கிராமங்களில் வேலை பார்த்தபோது, குழந்தையின் எடையைக் குறித்துவைக்க ஓர் அட்டையை உருவாக்கினார். வளைந்து ஏறும் இரண்டு கோடுகள், அவற்றுக்கு நடுவே ஒரு பாதை. ஆரோக்கியத்துக்கான சாலை என்றே அதற்குப் பேர். அட்டை ஆஸ்பத்திரி அலமாரியில் இருக்காது, அம்மாவின் வீட்டில் இருக்கும். பின்னால் உலகம் முழுக்க அதன் வாரிசுகள் பரவின. இப்போதைய வளைவுகள் உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட அளவுகோலிலிருந்து வருபவை. நம் அட்டையில் பச்சை இயல்பு, மஞ்சள் எடைக்குறைவு, ஆரஞ்சு கடுமையான எடைக்குறைவு.

அழகு, விவரம் இரண்டையும் பற்றி நான் படித்த எல்லாவற்றையும்விட இந்த அட்டை அதிகம் சொல்லிக்கொடுத்தது. மூன்று பேர் இதைப் பார்க்கிறார்கள். அம்மா நிறத்தைப் பார்க்கிறார். டீச்சர் திசையைப் பார்க்கிறார். டாக்டர் எந்த வயதில், எத்தனை கிராம், எந்த மாதம் சறுக்கல் என்று பார்க்கிறார். ஒரே காகிதம். ஜாதகக் கட்டம் மாதிரி, பெற்றவர்களுக்கு ஒரு வாக்கியம், ஜோசியருக்கு ஒரு முழு நாள் வேலை. ஆனால் ஜாதகம் மாதிரி இல்லாமல், இங்கே அம்மாவும் கொஞ்சம் கொஞ்சமாக டீச்சர் பார்ப்பதைப் பார்க்கப் பழகலாம். காரணம், விவரம் அழித்தெடுக்கப்படவில்லை, நிறத்துக்கு அடியிலேயே இருக்கிறது.

இது தானாக நடந்துவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிராஃப் படிப்பது பழக்கத்தால் வருவது. ‘ஏறுகிற கோடு நல்லது’ என்பது நமக்குச் சுவாசம் மாதிரி ஆகிவிட்டதால், அது கற்றுக்கொண்ட விஷயம் என்பதே மறந்துபோகிறது. பச்சைப் பட்டைக்குள்ளேயே ஒரு கோடு படுத்துக் கிடந்தால் நிறம் இன்னும் பச்சைதான். அம்மாவின் கண்ணுக்கு ஆபத்து தெரியாது. டீச்சர் விரல் வைத்துக் காட்ட வேண்டும். நல்ல படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆள் தேவைப்படுவது படத்தின் தோல்வி என்று நான் முன்பு நினைத்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை.

இந்தக் கோட்டுக்கு எவ்வளவு அதிகாரம் இருந்தது என்பதற்கு நம் ஊர் உதாரணமே உண்டு. 1980-இல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான குழந்தைகளை மாதாமாதம் எடை பார்த்தார்கள். எடை சரியாக ஏறாத குழந்தைகளுக்கு மட்டும் சத்துணவு, குறிப்பிட்ட காலத்துக்கு. தேறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள். பேனாவால் இழுத்த கோடுதான் உருண்டை யாருக்கு என்று சொன்னது. இரண்டே வருஷத்தில், 1982 ஜூலையில், எம்.ஜி.ஆர். அரசின் சத்துணவுத் திட்டம் வேறு வழியில் வந்தது. பால்வாடிக்கோ பள்ளிக்கோ வருகிற குழந்தைக்குச் சோறு. கோடு பார்க்க வேண்டியதில்லை.

எது சிறந்த கொள்கை என்று இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. இரண்டுக்கும் காரணங்கள் உண்டு. ஒன்றை மட்டும் கவனியுங்கள். சோறு எல்லோருக்கும் என்றால் சார்ட்டில் நூறு கிராம் தவறினால் பெரிய நஷ்டம் இல்லை. கோடு பார்த்துத்தான் சோறு என்றால், நூறு கிராமைச் சுருக்கி எழுதியவன் ஒரு குழந்தையின் சாப்பாட்டைச் சுருக்கியவன் ஆகிறான். எவ்வளவு விவரம் வேண்டும் என்ற கேள்விக்கு ரசனையை வைத்துப் பதில் சொல்ல முடியாது என்று எனக்குப் புரிந்தது இங்கேதான். இந்தப் படத்தைப் பார்த்தபின் இந்த ஆளின் கை என்ன செய்யப் போகிறது? செக்கில் கையெழுத்துப் போடுமா? உருண்டையைக் கொடுக்குமா, நிறுத்துமா? பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுமா? அந்தக் கை செய்யப்போகும் காரியத்தை மாற்றக்கூடிய எந்த விவரத்தையும் அழகுக்காக எடுக்கக் கூடாது. மாற்றாத விவரத்தை எடுப்பதில் பாவம் இல்லை.

*

கூட்டம் முடிந்த ராத்திரி எனக்குக் குற்ற உணர்ச்சி. குற்ற உணர்ச்சியில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். எல்லாவற்றையும் கொட்டினேன். சராசரியைத் தூக்கிவிட்டு ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கோடு, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நிறம். திரையில் வந்தது அப்பட்டமான இடியாப்பம். எந்தக் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எனக்கே தெரியவில்லை. எல்லாப் பிள்ளைகளும் படத்தில் இருந்தார்கள். ஒரு பிள்ளையும் கண்ணில் படவில்லை.

கொட்டுவது நேர்மை மாதிரி தெரியும். அதுவும் ஒளிவதற்கு ஓர் இடம்தான். ஒரு கேள்வி கேட்டால் நானூறு பக்கப் பி.டி.எஃப். அனுப்பும் அலுவலகங்களை நமக்குத் தெரியும். எல்லாம் அதில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். பார்க்க முடியாது என்று தெரிந்துதான் அனுப்புகிறார்கள். ஒருவருடைய நேரத்தையும் கண்ணையும் மதித்து, இதோ இதைப் பாருங்கள் என்று விரல் வைத்துக் காட்டும் பொறுப்பிலிருந்து வரைகிறவன் தப்பிக்க முடியாது. அழகு என்று நாம் சொல்வதில் பாதி இந்த மரியாதைதான் என்று இப்போது தோன்றுகிறது.

இன்னொரு சிக்கலும் வந்தது. எண்ணப்பட்டவர் படத்தில் தெரிய வேண்டும் என்கிறேன். சரி, யாருக்குத் தெரிய வேண்டும்? சின்ன ஊர். அங்கன்வாடியின் பெயரும் குழந்தையின் வயதும் போட்டால் போதும், இன்னார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும். ‘பிள்ளைக்குச் சோறு போடாத அம்மா’ என்று பேச ஆள் தேடிப் போக வேண்டியதில்லை. சென்னையில் அச்சாகும் பளபள அறிக்கையில் தன் பையனின் படுத்த கோடு வருவதை எந்த அம்மா விரும்புவார்? ஆக, ஒரு விவரம் டீச்சருக்கு மருந்து, வேடிக்கை பார்க்கிறவருக்கு வம்பு. பார்வையாளரைப் பொறுத்து விவரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் வெறும் எளிமைப்படுத்தல் இல்லை. சில சமயம் அது ஒருவருடைய மானத்துக்குக் கதவு சாத்துவது.

இதையெல்லாம் யோசித்து முடிவில் இரண்டு படம் வரைந்தேன்.

அறிக்கைக்கான படத்தில் வெறும் எடையை எடுத்துவிட்டேன். வயதுக்கேற்ற எடையில் எத்தனை பேர் பச்சையில், எத்தனை பேர் மஞ்சளில், எத்தனை பேர் ஆரஞ்சில், ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும். இரண்டு பட்டைகள். நடுவில், யார் எந்த நிறத்திலிருந்து எந்த நிறத்துக்குப் போனார்கள் என்று காட்டும் ஓடைகள். பச்சையிலிருந்து மஞ்சளுக்கு இறங்கிய ஓடையும் மெலிசாக ஒன்று இருந்தது. “இது தேவையா? நல்லாத்தானே போயிட்டிருக்கு” என்று கேட்டார்கள். இருக்கட்டும் என்று கெஞ்சினேன். ரொம்ப நேரம் பேசினோம். கடைசியில் என் ஆரஞ்சுக் கோடு முதல் பக்கத்தில் வந்தது. ஓடைப் படம் உள்ளே, பின்னிணைப்புக்குப் பக்கத்தில் வந்தது. தோற்றேன் என்றும் சொல்லலாம், பாதி ஜெயித்தேன் என்றும் சொல்லலாம். முதல் பக்கக் கோட்டை வரைந்தவன் நான்தான் என்பதால் யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

இரண்டாவது படம் டீச்சர்களுக்கு. சாதாரண ஏ4 தாள், கறுப்பு வெள்ளை, அலுவலகப் பிரின்டரில் எடுத்தது. எல்லாக் குழந்தைகளும் மெல்லிய சாம்பல் கோடுகள். இரண்டு மாதமோ அதற்கு மேலோ எடை அசையாத குழந்தைகள் மட்டும் தடித்த கறுப்பு. பெயர் இல்லை, மையத்தின் எண் மட்டும். டிசைன் பண்ணும் நண்பன் ஒருவன் பார்த்துவிட்டு, ஸ்கூல் பரீட்சைத் தாள் மாதிரி இருக்கிறது என்றான். இருந்தது.

அடுத்த கூட்டத்தில் அதைக் கொடுத்தேன். கண்ணாடி போட்ட அந்த டீச்சர் தாளை முகத்துக்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஒரு கறுப்புக் கோட்டில் விரலை வைத்தார்.

“இது அவன்தானே?”

எண்ணைப் பார்த்தேன். “இல்ல டீச்சர். அவன் அடுத்த கோடு. இது வேற மையம்.”

விரலை எடுக்கவில்லை. “இதுவும் மூணு மாசமாப் படுத்துக் கிடக்கே. அந்த டீச்சர் யாரு? இன்னிக்கு வந்திருக்காங்களா?”

வரவில்லை என்றார்கள். அவர் பையைத் திறந்து போனைத் தேட ஆரம்பித்தார்.